பெருக்கல் தவறிய இடம்

சூது நமக்கு விலக்கப்பட்டது; எனினும் அதன் பகடையிலிருந்து பிறந்த கணக்கை நாம் விலக்க வேண்டுவதில்லை. 1654-இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்கள் வாயிலாக ஆராய்ந்த கணக்கு அது. ஒரு பகடையில் ஆறு விழும் வாய்ப்பு 6-இல் ஒன்று. இரண்டிலும் ஆறே விழும் வாய்ப்பு, பெருக்கிப் பார்க்க, 36-இல் ஒன்று. ஒரு பகடை மற்றதை அறியாது, ஆதலாற்றான் பெருக்குகிறோம்.

இந்த 'ஆதலால்' மறக்கப்பட்டபோது ஒரு தாயின் வாழ்வு சிதைந்தது. இங்கிலாந்தின் வழக்குரைஞர் ஸாலி கிளார்க்கின் மகவுகள் இருவர், 1996-இலும் 1998-இலும், தொட்டிற் பருவத்திலேயே திடீரென மாண்டனர். கொலையென வழக்கு எழுந்தது. 1999-இல் சாட்சியம் அளித்த குழந்தை மருத்துவர் ராய் மெடோ, அத்தகைய குடும்பத்தில் காரணம் அறியாத் தொட்டில் மரணம் 8543-இல் ஒன்று என்றார். அதனை அதனாலேயே பெருக்கி, இரண்டும் அவ்வாறு நேர்வது 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்றார். ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

குழந்தைகள் பகடைகளா? ஒரே குருதி, ஒரே வீடு. முதல் மகவைக் கொண்டுபோன காரணம் இரண்டாவதையும் தொடரலாமன்றோ? அன்றியும், தாயொருத்தி தன் மகவு இரண்டையும் கொல்வது மட்டும் அரிதன்றோ?

2001-இல் அரச புள்ளியியல் கழகம் அக்கணக்கிற்கு ஆதாரமில்லை எனப் பகிரங்கமாக உரைத்தது. மறைந்து கிடந்த மருத்துவச் சோதனை முடிவுகளும் வெளிவரவே, 2003-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2007-இல், 42 வயதில், அவர் மறைந்தார்.