மூச்சுவிட்ட கதவு

நள்ளிரவில், ஒரு பழைய மாளிகையின் கூடத்தில், ஆண்கள் இருவரும் பெண்கள் இருவருமாக நான்கு பேர், தூக்கம் கலைந்தவர்களாய், மூடிய கதவொன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கோ தாழ்வாரத்தின் கோடியில் தொடங்கிய இடி போன்ற ஓசை படிப்படியாக நெருங்கி வந்து, அந்த வாசலண்டை நின்றுவிடுகிறது. அதன் பிறகு, கனத்த அந்த மரக் கதவு, உறங்கும் பிராணி ஒன்றின் விலாவைப் போல, மெல்ல உட்புறமாகப் புடைக்கிறது, முனகுகிறது, தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது, மறுபடியும் புடைக்கிறது. கதவு திறக்கவில்லை. அதற்கு அப்பால் நின்றது இன்னதென்று அந்தக் காட்சியிலும் காட்டப்படவில்லை. படம் முடிகிற வரையிலும் காட்டப்படவில்லை.

1963-ஆம் ஆண்டில் ராபர்ட் வைஸ் என்னும் அமெரிக்க டைரக்டர் எடுத்த 'தி ஹாண்டிங்' என்ற படத்தில் வருவது இக்காட்சி. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1999-இல், அதே கதையை அதே பெயரில், பன்மடங்கு பொருட்செலவில், யான் டி பாண்ட் என்பவர் மறுபடியும் எடுத்தார். பேய் வீட்டைக் கொண்டு மனிதரை அஞ்சவைக்கும் கலை ஒரு தலைமுறைக் காலத்தில் எவற்றையெல்லாம் பெற்றது, எதைக் கைநழுவ விட்டது என்பதை அறிய விரும்புகிறவர்களுக்கு, இவ்விரண்டு படங்களையும் அடுத்தடுத்த இரவுகளில் பார்ப்பதைப் போன்ற நல்ல பாடம் வேறில்லை என்பது என் அனுபவம்.

கதையின் மூலம் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. ஆவிகளைப் பற்றிய செய்திகளை விஞ்ஞான முறைப்படி பரிசோதிக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் 1882-இல் லண்டனில் ஒரு சங்கம் தோன்றியது. அத்தகைய ஆராய்ச்சியாளர்கள், பேய் உலவுவதாகப் பேர்பெற்ற வீடுகளை வாடகைக்கு எடுத்து, அங்கே தங்கி, இரவில் கேட்ட ஓசைகளையும் கண்ட தோற்றங்களையும் நாட்குறிப்பாக எழுதி வைத்தார்கள். அப்படிப்பட்ட அறிக்கை ஒன்றைப் படித்த ஷர்லி ஜாக்ஸன் என்ற அமெரிக்க எழுத்தாளருக்கு, அதில் வீட்டைப் பற்றிய உண்மையைக் காட்டிலும், அதை எழுதியவர்களின் மனப்போக்குகளும் ஆசைகளுமே தெளிவாகத் தெரிந்தன. அந்த வித்திலிருந்து முளைத்ததுதான் 1959-இல் வெளிவந்த ஹில் ஹவுஸ் நாவல். நோயாளியான தாய்க்குப் பதினோரு ஆண்டுகள் பணிவிடை செய்து இளமையை இழந்தவளும், தனக்கென்று ஓர் இடம் இவ்வுலகில் இல்லாதவளுமான எலினார் என்னும் முப்பத்திரண்டு வயதுப் பெண், ஆராய்ச்சியாளர் ஒருவரின் அழைப்பை ஏற்று அந்த மாளிகைக்கு வருகிறாள். வந்தவளை வீடு மெல்ல மெல்லத் தன்வயப்படுத்திக்கொள்கிறது. சுவரைத் தட்டுவது வீடா, அவளுடைய சித்தமா என்ற சந்தேகத்தைக் கடைசிப் பக்கம் வரையில் தீர்க்காமல் காப்பாற்றியதே அந்நாவலின் ஜீவநாடி.

இந்த நாவல் வைஸின் கையில் போய்ச் சேர்ந்ததைப் பெரும் பேறு என்றே சொல்ல வேண்டும். 'சிட்டிஸன் கேன்' படத்தைத் தொகுத்தவர் அவர். டைரக்டராக அவர் தொழில் பழகியதோ வால் லூட்டன் என்னும் தயாரிப்பாளரிடத்தில். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் 1942 முதல் சொற்பப் பணத்தில் பயங்கரப் படங்கள் எடுத்துவந்த லூட்டன், பூதத்தின் வேஷத்துக்குச் செலவு செய்யப் பணமில்லாத குறையையே ஒரு கொள்கையாக மாற்றிக்கொண்டவர். இருட்டையும் நிழலையும் காலடியோசையையும் ஒழுங்காக அமைத்துவிட்டால், எஞ்சியதைப் பார்ப்பவனுடைய கற்பனையே சிருஷ்டித்துக்கொள்ளும் என்பதைத் தம் படங்களில் நிரூபித்துக் காட்டியவர். அந்தக் குருகுலத்தில் கற்ற பாடத்தை, 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'க்காக ஆஸ்கார் பரிசு பெற்றுப் புகழின் உச்சியில் இருந்த காலத்திலும் வைஸ் மறந்துவிடவில்லை. எம்.ஜி.எம். கம்பெனி தர முன்வந்த தொகை ஹாலிவுட்டில் எடுப்பதற்குப் போதாமற்போகவே, பத்து லட்சம் டாலரைச் சற்றே கடந்த செலவில் படத்தை முடிக்க, இங்கிலாந்தில் போரம்வுட் என்ற ஊரில் இருந்த அந்தக் கம்பெனியின் ஸ்டூடியோவுக்குப் போனார்.

மாளிகையின் வெளித்தோற்றத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தது வார்விக்ஷயரிலுள்ள எட்டிங்டன் மாளிகை. பல நூற்றாண்டுகளாக ஒரே குடும்பத்தின் வசமிருந்த அந்த ஸ்தலத்தில், பழைய கட்டடத்தை ஜான் பிரிச்சர்ட் என்ற கட்டடக் கலைஞர் 1858 முதல் 1862 வரையில் கோதிக் பாணியில் புதுப்பித்து, வெவ்வேறு நிறக் கற்களை வரிவரியாக அடுக்கிக் கட்டியிருந்தார். அந்தக் குடும்பத்தின் பெயரும் ஷர்லி என்பது விதியின் ஒரு விநோதப் பொருத்தம். அகச்சிவப்புக் கதிர்களை உணரும் தனி வகைப் பிலிமில் வைஸ் அவ்வீட்டைப் படமெடுத்தார். அதனால் கல்லின் ரேகைகள் மூப்படைந்த முகத்தின் சுருக்கங்களைப் போல எடுப்பாகத் தெரிய, வீட்டுக்குப் பின்னால் வானம் கறுத்துத் தோன்றியது. அதோடு, பானவிஷன் கம்பெனி இன்னும் பூரணமாகச் செப்பனிட்டு முடிக்காததும், நேர்க்கோடுகளை வளைத்துக் காட்டுவதுமான 30 மில்லிமீட்டர் அகலக் கோண லென்ஸ் ஒன்று இருப்பதை அறிந்து, அதன் குறைபாடு தமக்குத் தெரியும் என்று கையெழுத்திட்டுக் கொடுத்து, அதைக் கேட்டு வாங்கினார். வேறொருவர் பழுது என்று ஒதுக்கியிருக்கக்கூடிய சாதனம், கோணல் மாணலாகக் கட்டப்பட்ட அந்த வீட்டின் சுபாவத்தையே காட்டுகிற கண்ணாகிவிட்டது.

முதலிற் சொன்ன கதவுக்கு வருவோம். மெல்லிய மரப் பலகைகளைப் பல அடுக்காக ஒட்டிச் செய்து, பார்வைக்குக் கனமாகவும் அழுத்தத்துக்கு வளைந்து கொடுப்பதாகவும் அமைத்த கதவு அது. பின்னாலிருந்து பலசாலியான ஒரு தொழிலாளி அதை அழுத்தினார், தளர்த்தினார், மறுபடி அழுத்தினார். காட்சியின் யந்திர ரகசியம் இவ்வளவுதான். பயமுறுத்தும் ஓசைகள் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டுப் படப்பிடிப்பின்போது ஒலிக்க வைக்கப்பட்டமையால், நடிகர்கள் கற்பனையாக அஞ்ச வேண்டிய சிரமமின்றி, காதில் விழுந்ததற்கே அஞ்சினார்கள். மற்றோர் இரவில், இருளில் படுத்திருக்கும் எலினார், தன் தோழி தியோவின் கையைப் பற்றிக்கொண்டு, சுவருக்கு அப்பால் கேட்கும் முணுமுணுப்பையும் குழந்தையின் அழுகையையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிடி இறுகிக்கொண்டே போகிறது. தாங்கமாட்டாமல் அவள் அலறும்போது விளக்கு எரிகிறது. தோழியோ அறையின் மறு கோடியில் தன் படுக்கையில் இருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரமும் பற்றியிருந்தது யாருடைய கை? சுவரையும் எலினாரின் முகத்தையும் தவிர அந்தக் காட்சியில் நாம் கண்டது ஒன்றுமில்லை. ஆனால் அன்றிரவு நம் கையைப் போர்வைக்கு வெளியே நீட்ட மனம் துணிவதில்லை.

ஆண்டுகள் செல்லச் செல்ல இப்படத்தின் கீர்த்தி வளர்ந்தது. மார்ட்டின் ஸ்கார்ஸேஸி தம்மை மிகவும் அஞ்சவைத்த படங்களின் வரிசையில் இதற்கு முதலிடம் அளித்தார். ஸ்டீவன் ஸ்பீல்பர்க்கும் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங்கும் சேர்ந்து இதைப் புதிதாக எடுக்கும் யோசனை ஒருகால் எழுந்து, நிறைவேறாமற்போயிற்று. கிங் தம் பங்கை 2002-இல் 'ரோஸ் ரெட்' என்ற தொலைக்காட்சித் தொடராக மாற்றிக்கொண்டார். ஸ்பீல்பர்க் பங்காளியாயிருந்த டிரீம்வொர்க்ஸ் ஸ்தாபனமோ, 'ஸ்பீட்', 'ட்விஸ்டர்' என்ற வேகம் மிகுந்த படங்களால் பெயர் பெற்றிருந்த டி பாண்டிடம் மறுபதிப்பை ஒப்படைத்தது. செலவு சுமார் 8 கோடி டாலர்.

இம்முறை வெளித்தோற்றத்துக்கு அமைந்தது லிங்கன்ஷயரிலுள்ள ஹார்லாக்ஸ்டன் மாளிகை. கிரெகரி கிரெகரி என்னும் தனவந்தர் ஆண்டோனி ஸால்வின் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1830-களில் கட்டத் தொடங்கிய பிரம்மாண்டமான சௌதம் அது. உட்புறக் கூடங்களையோ கலிபோர்னியாவின் லாங் பீச் துறைமுகத்தில் இருந்த ராட்சதக் கோளக் கூரையின் கீழ் நிர்மாணித்தார்கள். ஹவர்டு ஹியூஸ் மரத்தால் செய்து, 1947-இல் ஒரே ஒரு முறை சற்று நேரம் பறக்கவிட்ட மாபெரும் விமானத்தைக் காட்சிக்கு வைப்பதற்காக எழுந்த மண்டபம் அது. விமானம் வேறிடத்துக்குப் போன பிறகு வெறுமையாயிருந்த அந்த இடத்தில், யூஜினியோ ஸனேட்டி என்ற கலை நிபுணரின் திட்டப்படி, தச்சர்களும் சிற்பிகளும் வர்ணக்காரர்களும் மாடிப்படிகளையும் மாபெரும் கணப்புகளையும் செதுக்கிய கதவுகளையும் கட்டியெழுப்பினார்கள். அந்த வேலைத்திறத்தைக் குறைத்துப் பேசுவது பாவம். கல்லும் மரமும் உலோகமும் போலத் தோன்றும்படி அவர்கள் சமைத்த அறைகளில், படத்தின் முதல் அரைமணி நேரம், எலினாராக வரும் லிலி டெய்லர் வியப்போடு ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துச் செல்லும்போது, நம் மனமும் அவள் பின்னாலேயே செல்கிறது.

பிறகுதான் வீடு தன்னைக் காட்டத் தொடங்குகிறது. செதுக்கிய குழந்தை முகங்கள் கண்களை உருட்டுகின்றன. திரைச்சீலையும் போர்வையும் உருவெடுக்கின்றன. மாளிகையின் பழைய அதிபதி ஹியூ கிரெய்னின் ஆவி கம்ப்யூட்டரின் உதவியால் ஆகாயமளாவ எழுந்து நிற்கிறது. கதையையும் இதற்கேற்ப மாற்றிவிட்டார்கள். ஆவியைத் தேடி வந்த பழைய ஆராய்ச்சியாளருக்குப் பதிலாக, தூக்கமின்மையைப் பற்றிய ஆராய்ச்சி என்று பொய் சொல்லி, பயத்தையே பரிசோதிக்க ஆள் சேர்க்கும் மனோதத்துவ நிபுணர் வருகிறார். கிரெய்ன் நெசவாலை முதலாளியாகிறார். அவருடைய ஆலைகளில் உழைத்து அவர் வீட்டில் மாண்ட ஏழைக் குழந்தைகளின் ஆவிகள் எலினாரிடம் முறையிடுகின்றன. அவளோ கிரெய்னின் இரண்டாவது மனைவியின் வம்சத்தில் பிறந்தவள் என்று தெரியவருகிறது. முடிவில், செதுக்கிய கதவிலுள்ள உருவங்களே உயிர்பெற்றுக் கிரெய்னை உள்ளே இழுத்துக்கொள்ள, குழந்தைகளுக்கு விமோசனம் கிடைக்கிறது.

குழந்தைத் தொழிலாளர்களின் துன்பத்தைக் கதைக்குள் கொண்டுவந்த நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால் அந்த விளக்கம் கிடைத்த கணத்திலேயே எலினாரின் துயரம் கதையை விட்டு வெளியேறிவிடுகிறது. போக்கிடமற்ற ஒரு ஜீவன், தன்னை விழுங்க வரும் வீட்டையும் தன்னை வேண்டி அழைக்கும் ஒரே இடமென்று நம்பிப் போகிறதே, அந்தப் பரிதாபமல்லவா ஜாக்ஸனின் பயங்கரத்துக்கு ஆதாரம்? குற்றவாளி இவன், பரிகாரம் இது, மீட்பவள் இவள் என்று கணக்குத் தீர்த்த பிறகு, அவளுடைய தனிமைக்கு அங்கே என்ன வேலை? அவள் சித்தத்தின் மேல் நமக்கிருந்த சந்தேகம் அகன்றதும் அவள் மேல் இருந்த இரக்கமும் அகன்றுவிடுகிறது என்பதே, புதிய படத்தைப் பார்த்தபோது என்னை வருத்திய குறை. காட்டியது மிகையென்று விமரிசகர்கள் அன்றே சொன்னார்கள். காட்டுவதற்காகக் கைவிட்டது ஒரு பெண்ணின் மனம் என்பதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

வசூலில் புதிய படம் தோற்கவில்லை. உலகமெங்குமாகப் பதினேழு கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. ஆயினும் அதே 1999 ஜூலை மாதத்தில், மூன்று இளைஞர்கள் காட்டில் வழி தவறுவதைக் கைக்காமிரா கொண்டு எடுத்த 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' திரைக்கு வந்தது. படப்பிடிப்புக்கு ஒரு லட்சம் டாலர்கூடச் செலவாகாத அப்படத்தில் சூனியக்காரி ஒரு முறையேனும் கண்ணுக்குத் தென்படுவதில்லை. அது இருபது கோடியைத் தாண்டி வசூலித்தது. லூட்டனுடைய வறுமை கற்பித்த பாடத்தை, அவரைப் போலவே பணமில்லாதவர்கள் மறுபடி கற்றுக்கொண்டார்கள் போலும். 2018-இல் மைக் பிளனகன் ஹில் ஹவுஸ் கதையைத் தொடராக எடுத்தபோது, காட்சிகளின் பின்னணியில், கதவிடுக்கிலும் மாடிப்படிக்குக் கீழும், யாரும் சுட்டிக்காட்டாத உருவங்களை ஒளித்து வைத்தார். 1963-இன் படத்தில் லூக் என்னும் இளைஞனாக வந்த ரஸ் டாம்ப்ளினை, முதுமையில், எலினாரின் மனநோய் மருத்துவராக அத்தொடரில் வரச் செய்தார். பழைய கூடத்தில் அன்று கதவைப் பார்த்தபடி இருந்த நால்வரில் ஒருவர் அவர்.

கதவின் பின்னால் நின்றவர் ஒரு தொழிலாளி என்பது இப்போது எனக்குத் தெரியும். அந்தப் பலகைகளின் ஒட்டு வேலையும் தெரியும். தெரிந்த பின்பும் சென்ற மாதம் ஓர் இரவில் அப்படத்தை மறுபடி பார்த்தேன். மரம் முனகிப் புடைத்தபோது, அந்தத் தொழிலாளியின் நினைவு எனக்கு வரவில்லை. எலினாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற மூவரும் கதவு திறந்துவிடக்கூடாதே என்று நடுங்க, அவள் ஒருத்தி மட்டும் அது திறக்கட்டுமென்று உள்ளூரக் காத்திருக்கிறாளோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.