கப்பலேறின கட்டம் போட்ட துணி

போன மாசம் நண்பன் ஒருத்தன் இந்தோனேசியாவுல பாண்டா தீவுகளைப் பாய்மரப் படகுல சுத்திட்டு வந்தான். பவளப்பாறைக்கு மேல முக்குளிச்சது, சந்தையில ஜாதிக்காய் வாங்கினதுன்னு வரிசையா படம் அனுப்பினான். ஒரு படத்துல சந்தைக்காரர் ஒருத்தர் கட்டம் போட்ட லுங்கியோட உட்கார்ந்திருக்கார். "டேய், உங்க ஊரு லுங்கி மாதிரியே இருக்கு. இங்க இதுக்குப் பேரு சாரோங் பலேக்கட்டாம்"னு கூடவே ஒரு வரி.

அவ்வளவுதான், நமக்குக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிடுச்சு.

நமக்குச் சொந்த ஊர் தேசூர். வந்தவாசிப் பக்கம், ஆரணிப் பட்டு நெய்யற ஊர். பட்டுக்கு மாறுறதுக்கு முன்னாடி எங்க தாத்தா பருத்தி நெய்தவர். கடல் பார்க்கணும்னா கிழக்கே சதுரங்கப்பட்டினம் வரைக்கும் போகணும். தறிக்குழிக்குள்ள காலை விட்டு உட்கார்ந்தவருக்குக் கடலாவது, கப்பலாவது!

ஆனா அந்தப் 'பலேக்கட்' வேற எதுவும் இல்லைங்க, நம்ம பழவேற்காடுதான். மலேசியாவுல இதே துணி 'கைன் பெலிகாட்'. கைன்னா மலாய்ல துணி. துணி எந்தத் துறைமுகத்துல கப்பல் ஏறிச்சோ அந்த ஊர்ப் பேரே அதுக்கு நிலைச்சுப் போச்சு.

எதுக்கு இவ்வளவு தூரம் போச்சு? அந்தக் காலத்துல ஜாதிக்காய் விளைஞ்சது பாண்டா தீவுகள்ல மட்டும்தான். வாங்கப் போன டச்சுக்காரங்களுக்கு ஒண்ணு புரிஞ்சது. வெள்ளிக் காசை விட நம்ம கரைத் துணிக்குத்தான் அங்க மதிப்பு அதிகம். அதனாலதான் 1610ல பழவேற்காட்டுல இறங்கி, 1613 வாக்குல கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினாங்க. சோழமண்டலக் கரை மொலுக்கஸ் தீவுகளோட இடது கைன்னு 1612லயே ஹென்ட்ரிக் ப்ரௌவர்ங்கற டச்சு அதிகாரி சொல்லியிருக்கார். வியாபாரம் வியாபாரமாவே நிக்கலைங்கறது வேற கதை. 1621ல அதே டச்சுக் கம்பெனி பாண்டாவைப் பிடிச்சப்ப, அந்தத் தீவு மக்கள்ல பெரும்பாலானவங்க செத்தாங்க, இல்லைன்னா அடிமையா போனாங்க.

டச்சுக்காரங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே நம்மாளுங்க அந்தப் பக்கம் போயிட்டாங்க. சுமத்ராவுல பாருஸ்ங்கற ஊர்ல 1088ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு இருக்கு, ஐந்நூற்றுவர் வணிகக் குழு வெச்சது. தென்மேற்குக் காத்துல கிழக்கே போறது, வடகிழக்குக் காத்துல திரும்பறது. நடுவுல காத்து மாறுற வரைக்கும் மாசக்கணக்கா அங்கேயே காத்திருக்கணும். அப்படித் தங்கினவங்க வழி வந்தவங்கதான் மலாக்கா செட்டிகள். அவங்க கும்பிடற பொய்யாத விநாயகர் கோயில் 1781ல கட்டினது.

இதுல எனக்கு உறுத்தற விஷயம் ஒண்ணு உண்டு. கல்வெட்டுல வணிகக் குழுப் பேர் இருக்கு. கம்பெனிக் கணக்குல கப்பல் பேர் இருக்கு, துணி ரகத்தோட பேர் இருக்கு. நெய்தவன் பேரைத்தான் தேட வேண்டியிருக்கு. உள்ளூர் வியாபாரி மூலமா முன்பணம் வரும், இவன் நெய்து கொடுப்பான், அதோட சரி. ஆனா துணி வாங்கினவங்க அதைச் சும்மா விடலை. சுலவேசித் தீவுல தொராஜா மக்கள் இந்தியாவுல இருந்து போன பழைய துணிகளை 'மாஆ'ன்னு குலச்சொத்தா பரம்பரை பரம்பரையா பாதுகாத்து, சடங்குக்கு மட்டும் வெளிய எடுப்பாங்களாம்.

எங்க வீட்டுத் தறிக்குழியை மூடி சிமெண்ட் பூசி வருஷம் ஆச்சு. இப்ப அது மேலதான் பிரிட்ஜ் நிக்குது. "நாலு சுவத்துக்குள்ளயே என் காலம் போச்சு"ன்னு அப்பா அடிக்கடி சொல்வார்.

அவர்கிட்ட அந்தப் படத்தைக் காட்டி இந்தக் கதையெல்லாம் சொன்னேன். செல்லை வாங்கி, பெருசாக்கி, லுங்கியை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஊடை ஒரே சீரா அடிக்கலடா. பாரு, கட்டம் நீளமா போயிருக்கு."

இப்பல்லாம் இதை ஜாவாவுலயே நெய்யறாங்கப்பான்னேன்.

"அதான பார்த்தேன்" என்றார். அன்னைக்குப் பூரா மனுஷன் முகத்துல ஒரு சிரிப்பு.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது நெய்தது எந்தக் கரைக்குப் போச்சுன்னு தெரிஞ்சா சொல்லுங்க மக்களே.