கோரல் ஆலை வேலைநிறுத்தமும் பின்ஹே தீர்ப்பின் நிழலும்

1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் ஆலையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தைச் சுதேசிக் கப்பல் கம்பெனியின் வணிகப் போரில் ஒரு பக்கத் தாக்குதலாகக் காண்பது ஆய்வாளர் சிலரின் வழக்கம். வெள்ளையர் வணிகத்தை முடக்க, அக்கம்பெனியை நடத்திய வ.உ.சி.க்கு ஆட்கள் வேண்டியிருந்தது, ஆலையில் அவர்கள் கிடைத்தார்கள் என்பது அந்த வாசிப்பின் சாரம். அதன் வேர் 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வழங்கிய தீர்ப்பில் இருக்கிறது என்று கருதுகிறேன்.

இந்திய தண்டனைச் சட்டம் 124-அ பிரிவின்கீழ் வ.உ.சி.மீது நடந்த அந்த வழக்கில் நீதிமன்றம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தப் பேச்சு அரசின்மீது வெறுப்பை மூட்டியதா? பிப்ரவரி 23 அன்று கூலி பற்றியும் வேலைநிலை பற்றியும் வ.உ.சி. தொழிலாளரிடம் பேசியவை அக்கேள்வியின் சல்லடையில் நிற்க வழியே இல்லை. அரசுக்கு எதிரான சொற்கள் மட்டுமே மேலே தங்கும். அப்படித் தங்கியதை வைத்து அவருடைய நோக்கத்தை அளப்பது முறையாகாது.

தீர்ப்பின் கட்டமைப்பு இதைவிட முக்கியமானது. வ.உ.சி.க்கு விதித்த தண்டனை இரண்டு: தம் பேச்சுக்கு 20 ஆண்டு நாடுகடத்தல், சக பேச்சாளர் சுப்பிரமணிய சிவாவுக்கு இடமளித்து உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 ஆண்டு. சிவாவைப் பின்ஹே வ.உ.சி.யின் கைக்கருவியாகவே கண்டார். ஆட்டுவிப்பவர் ஒருவர், மற்றவர் எல்லாரும் ஆடுபவர் என்ற இந்தக் கணக்கு மேல்முறையீட்டில் தண்டனை குறைந்த பிறகும் மறையவில்லை. சிவா இருந்த இடத்தில் ஆலைத் தொழிலாளரை வைத்து, பிற்கால ஆய்வு அதே கணக்கைத் தொடர்ந்திருக்கிறது.

நடந்ததைப் பார்ப்போம். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. தொழிலாளருக்குக் கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. கப்பல் கம்பெனிக்கு அந்த உடன்பாட்டில் ஏதும் இல்லை. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானதும் அதே தொழிலாளர் மீண்டும் வேலையை நிறுத்தினர். கேட்டது கைக்கு வந்துவிட்ட நிலையில், தம் கூலியை இழந்து நடத்திய நிறுத்தம் அது. இதையே அரசியல் தூண்டுதலுக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. தூண்டியவர் அப்போது சிறையில் இருந்தார் என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை.

கூலிப் போராட்டமா, அரசியல் போராட்டமா என்று பிரித்துக் கேட்பதே தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் தொழில் அமைப்பை மறந்த கேள்வி. ஹார்வி சகோதரர்கள் 1885இல் அம்பாசமுத்திரம் வட்டத்துப் பாபநாசத்தில், மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் விசையைக் கொண்டு நூற்பாலை ஓட்டத் தொடங்கினார்கள். அவர்களுடைய தூத்துக்குடி கோரல் ஆலை அதற்குப் பின் வந்தது. வ.உ.சி.யின் கப்பல்கள் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனிக்குத் தூத்துக்குடியில் முகவர்களும் அவர்களே. ஆற்றங்கரையில் நூல் நூற்றவர்களும் துறைமுகத்தில் கப்பல் முகவர்களாக இருந்தவர்களும் ஒரே முதலாளிகள் என்றால், ஆலைக் கூலியைப் பற்றிப் பேசியவர் அரசியலையும் பேசாமல் இருந்திருக்க முடியாது. பாபநாசத்துத் தொழிலாளர் 1908இல் எங்கே நின்றார்கள் என்பது தனி ஆய்வுக்கு உரியது. அதைப் பற்றி இங்கே முடிவு எதுவும் சொல்லவில்லை.

பதிவுபெற்ற சங்கம் இல்லாத காலத்தில் வ.உ.சி.யைத் தொழிற்சங்கவாதி என்பது பொருந்தாது என்று ஒரு மறுப்பு உண்டு. தொழிற்சங்கச் சட்டமே 1926இல்தான் வந்தது. இம்மறுப்பில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை.

பிந்திய வாழ்வைக் காட்டிச் சொல்லப்படும் வாதம் கனமானது. அவர் 1920இல் காந்தியின் ஒத்துழையாமையை ஏற்காமல் காங்கிரசிலிருந்து விலகினார். திரும்பி வந்து 1927இல் சேலம் அரசியல் மாநாட்டில் தலைமையுரை ஆற்றினார். அது அடுத்த ஆண்டு ‘எனது அரசியல் பெருஞ்சொல்’ என்று நூலானது. தொழிலாளரை விட்டு மாகாண அரசியலுக்கு நகர்ந்துவிட்டார் என்கிறார்கள். 1912இல் விடுதலையான பின் சென்னையிலும் கோவையிலும் தொழிலாளர் இயக்கத்தில் அவர் பங்கெடுத்ததை இடையில் வைத்துப் பார்த்தால் அந்த நகர்வு அவ்வளவு நேரானதாகத் தெரியவில்லை. சேலம் உரையைப் பிரிவுக்குச் சான்றாக எடுப்பவர்கள், இந்த இடைக்கால ஈடுபாட்டுக்கு முதலில் விளக்கம் தர வேண்டும்.