வாசலில் நிறுத்தப்பட்ட அறுவர்

திருகோணமலைச் சுவாமி மலையடியில், கடலுள் மூழ்கிக் கிடந்த கோணேசர் கோயிலின் கற்றூண்களை 1956 இல் கண்டறிந்த சுழியோடிகளுள் ஒருவர் ஆதர் சி. கிளார்க். 2008 இல் கொழும்பில் மறைந்த அவரை விஞ்ஞானப் புனைகதையாளராக உலகறியும். அவர் எத்தகைய கூட்டத்தின் பிள்ளை என்பதை நம் மாணவர் அறிதல் வேண்டும்.

1937 சனவரி 3 ஆம் நாள், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலே, பிரமஞான சபை மண்டபத்தில் சில வாசகர் கூடினர். ஒரு சிறு வகுப்பறையை நிரப்பவும் போதாத தொகை. அவருள் பத்தொன்பது வயது அரசாங்க இலிகிதரான கிளார்க்கும் இருந்தார். வாசகர் தாமே திட்டமிட்டு நடத்திய முதல் விஞ்ஞானப் புனைகதை மாநாடு இதுவே என்பர் ஆங்கிலேயர். அமெரிக்கரோ 1936 ஒக்டோபரில் பிலடெல்பியாவில் தாம் சந்தித்ததை முற்படுத்துவர். அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

இக்கூட்டங்கள் எவ்வாறு முளைத்தன? 1926 இல் ஹியூகோ கேர்ன்ஸ்பாக் தொடங்கிய 'அமேசிங் ஸ்ரோரீஸ்' இதழ், வாசகர் கடிதங்களை முகவரியோடு அச்சிட்டது. முகவரி கண்டோர் ஒருவருக்கொருவர் எழுதினர், சங்கம் அமைத்தனர், தம் கைக்காசில் ரோணியோ இதழ்கள் வெளியிட்டனர். அண்ணாவியாரை அழைத்து, சட்டங்கொடுத்து, ஊரவரே களரி கட்டி ஆடும் நம் மட்டக்களப்புக் கூத்தை அறிந்தவர்க்கு இது விளங்காத செய்தியன்று.

ஆனால் காலம் பொருளாதார மந்தத்தின் காலம். பாசிசம் தலைதூக்கிய காலம். எதிர்காலத்தைப் பற்றி வாசிப்பவன் அதற்காக உழைக்கவும் கடமைப்பட்டவனல்லவா? 1937 ஒக்டோபரில் பிலடெல்பியா மாநாட்டிலே இவ்வினாவை எழுப்பியவர் ஜோன் மிச்செல். அவருக்குத் திக்குவாய், ஆதலின் அவர் எழுதிய உரையை டொனல்ட் வொல்ஹைம் வாசித்தார். தீர்மானம் வாக்குக்கு விடப்பட்டது. ஆதரவு எட்டு, எதிர்ப்புப் பன்னிரண்டு.

அப்பிளவு 1939 யூலை 2 ஆம் நாள் நியூயோர்க்கில் வெடித்தது. 'நாளைய உலகம்' என்னும் கருப்பொருளோடு அந்நகரில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி, முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு கூட்டப்பட்டது. ஏறத்தாழ இருநூறு பேர் வந்தனர். அமைப்பாளருள் முதன்மையானவர் சாம் மொஸ்கோவிற்ஸ். அமைப்பாளரைச் சர்வாதிகாரிகள் எனச் சாடிய பிரசுரக் கட்டொன்று மண்டபத்தில் அகப்படவே, இடதுசாரிச் சார்புடைய 'பியூச்சரியன்' குழுவினர் அறுவர் வாசலிலே தடுக்கப்பட்டனர்: வொல்ஹைம், மிச்செல், பிரெடெரிக் போல், சிறில் கோர்ன்புளூத், ரொபேட் லவுண்ட்ஸ், ஜாக் கிலெஸ்பி. பிரசுரத்தை எழுதிய டேவிட் கைல் உள்ளேதான் இருந்தார்! அதே குழுவின் ஐசாக் அசிமோவும் உள்ளே சென்றுவிட்டார். கோர்ன்புளூத்துக்கு அன்று பதினாறாவது பிறந்தநாள்.

அப்பிரசுரம் நிதானமிழந்தே பேசியது என்பதை மறுப்பதற்கில்லை. மொஸ்கோவிற்ஸும் பத்தொன்பது வயதினரே. அவரை முதலாளித்துவத்தின் ஏவலாளாகச் சித்திரிப்பது சிறுபிள்ளைத்தனம். ஆயினும், கருத்து மாறுபட்டவனை வாசலில் நிறுத்திவிட்டு நாளைய உலகைப் பேசிய அம்மாநாட்டை நாம் எங்ஙனம் மெச்சுவது? தடுக்கப்பட்ட போலும் கோர்ன்புளூத்தும் பின்னர் இணைந்தெழுதிய நாவலொன்று, விளம்பர நிறுவனங்கள் உலகையாளும் கொடுமையை எள்ளி நகையாடி 1953 இல் நூலாக வந்தது.

அம்மண்டபத்திலே மேர்ட்டில் டக்ளஸ் என்னும் பெண்மணி, தமக்கும் தம் நண்பர் போறஸ்ட் அக்கர்மனுக்கும் எதிர்கால உடைகளைத் தாமே தைத்து அணிந்து வந்திருந்தார். இன்று மாநாடுதோறும் வேடம் புனைவோர்க்கு அவரே முன்னோடி. நெடுங்காலம் அக்கர்மனின் பெயரே பேசப்பட்டது. தைத்த கை மறக்கப்பட்டது.

போர் வந்தது. 1942 இல் லொஸ் ஏஞ்சலிசில் கூடவிருந்த உலக மாநாடு 1946 வரை பிற்போடப்பட்டது. அந்த 1942 ஏப்ரல் 9 ஆம் நாள்தான் 'ஹேர்மிஸ்' கப்பல் நம் மட்டக்களப்புக் கடலில் யப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டது.

அதே யப்பானிலே, 1975 இல், சித்திரக்கதை மாநாடொன்றைக் குறைகூறிய வாசகர் ஒருவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மீண்டும் அதே வாசல்! ஆனால் இம்முறை, அதனைக் கண்டித்த இளைஞர் தாமே வேறொரு கூட்டத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு டிசெம்பர் 21 ஆம் நாள் தோக்கியோவில் முப்பத்திரண்டு குழுக்கள் தம் கையால் ஆக்கிய சித்திரக்கதை இதழ்களைப் பரப்பி வைத்தன. எழுநூறு பேரளவில் வந்தனர். 'கொமிக்கெற்' எனப்படும் அக்கூட்டத்தில் விற்பவரும் வாங்குபவரும் ஊதியமின்றி வேலை செய்பவரும், எல்லோரும் 'பங்குபற்றுவோர்' என்றே அழைக்கப்படுகின்றனர்.