போர்சியுங்குலா

இத்தாலியின் அசிசி நகருக்குக் கீழே, சமவெளியில் உள்ள சிற்றாலயம்; பிரான்சிஸ்கன் சபையின் பிறப்பிடம். பெயருக்குப் பொருள் 'சிறு நிலத்துண்டு'. சுபாசியோ மலையின் பெனடிக்ட் துறவிகளுக்குச் சொந்தமான இந்தக் கோயில் பாழடைந்து கிடந்தது. சபையை நிறுவிய புனித பிரான்சிஸ் அதைத் தம் கையாலேயே செப்பனிட்டார். அவரும் முதல் தோழர்களும் இதைச் சுற்றிக் குடிசை போட்டு வாழ்ந்தனர். இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ள மறுத்த பிரான்சிஸ், ஆண்டுதோறும் ஒரு கூடை மீனை வாடகையாகக் கொடுத்தார் என்பது சபை மரபு. 1212இல் பிரான்சிஸைப் பின்பற்றிய புனித கிளாரா துறவு ஏற்றதும் இங்கேதான். 1226 அக்டோபர் 3 மாலை, சில அடி தொலைவிலிருந்த நோயாளர் குடிலில் பிரான்சிஸ் இறந்தார்.

திருப்பயணிகளை முதலில் திகைக்கவைப்பது அளவு முரண். 1569இல் தொடங்கி 1679இல் முடிந்த வானதூதர்களின் புனித மரியா பேராலயம், இந்தச் சிறிய கற்கோயிலைத் தன் குவிமாடத்தின் கீழ் அடக்கிக்கொண்டிருக்கிறது. ஏழ்மையை மணந்த பிரான்சிஸுக்கு இவ்வளவு பெரிய கூரை! 1832 நிலநடுக்கத்தில் பேராலயத்தின் பெரும்பகுதி இடிந்தது; சிற்றாலயம் தப்பியது. ஆகஸ்ட் 2 'அசிசி மன்னிப்பு' விழாவில் கூட்டம் மிகும். ஒப்புரவு அருட்சாதனமும் நற்கருணையும் பெற்று இங்கு மன்றாடுவோர் பரிபூரண பலன் (பாவத் தண்டனையிலிருந்து முழு விடுதலை) அடைவர். இந்தப் பலனை 1216இல் திருத்தந்தை மூன்றாம் ஹோனோரியுசிடம் பிரான்சிஸ் கேட்டுப் பெற்றதாக மரபு கூறுகிறது.