மிளகும் தக்காளியும்

இந்திய உணவு சிறந்ததா, இத்தாலிய உணவு சிறந்ததா என வினவுவோர் வரலாற்றை நோக்குதல் வேண்டும். முசிறித் துறையில் யவனர் பொன் தந்து மிளகு பெற்றுச் சென்றதை அகநானூறு கூறும். காரம் ஒன்றற்காகவா இந்தியா வரை செல்வது என முதல் நூற்றாண்டில் உரோம அறிஞர் பிளினி வியந்தார். ஆயினும் இத்தாலி மண்ணில் வாழ்ந்த உரோமர்தம் சமையல் நூலில் மிளகே மிகுதி. பின்னர், இத்தாலியர் தமதெனக் கொண்ட தக்காளியும், நாம் நமதெனக் கொண்ட மிளகாயும் 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. கடன் பெறாத அடுப்பு எந்நாட்டிலும் இல்லை.

திருத்தணி மக்கள் இதனை நன்கறிவர். 1960-இல் இவ்வூர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்தோடு இணைந்தது. அன்று மாறியது நில எல்லை. இலையில் பரிமாறிய சுவையன்று. ஆதலின், பிறர் சுவையை இகழ்வோர் தம் உணவின் பாதி வரலாற்றை இகழ்கின்றனர் எனலாம்.