குறுக்கே நிற்கும் அலுமாரி: கொழும்பில் சுவர் இல்லாத வீடுகளின் கதை

போன மாதம் நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு மேல்மாடியை வாடகைக்கு எடுத்தோம். கூட்டம் வைக்க, புத்தகம் அடுக்க, இரவு பிந்திப்போனால் படுக்க. நீளமான ஒரே ஹோல். ஒரு மூலையில் குசினி. கதவு என்று இருப்பது குளியலறைக்கு மட்டும்தான். உள்ளே கால் வைத்ததுமே ஒருவர், "அட, லொஃப்ட் மாதிரி இருக்கு!" என்றார். உடனே எல்லோரும் போனில் படம் தேடத் தொடங்கினோம். பூசாத செங்கல் சுவர், தாழ்வான சோபா, நடுவில் கம்பளம், பெரிய இலைச்செடி. எங்களிடம் இருந்ததோ யாரோ தந்த தேக்கு அலுமாரி ஒன்று, நாலு பிளாஸ்டிக் கதிரை, இரண்டு பாய், பெட்டி பெட்டியாகப் புத்தகம்.

அலுமாரியை எங்கே வைக்கிறது என்றுதான் சண்டை வந்தது. படம் பார்த்த நாங்கள் சுவரோடு ஒட்டி வைக்கச் சொன்னோம். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த தோழி மட்டும், "ஹோலுக்குக் குறுக்க வையுங்கோ. ஏன் எண்டு பிறகு தெரியும்" என்றாள். அந்த 'ஏன்' எங்களைப் பழைய கதைகளுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

முதலில் அந்தப் படங்களின் ஊரைப் பார்ப்போம். நியூயோர்க்கின் சோஹோ பகுதியில் துணி, அச்சுத் தொழில்கள் விட்டுப்போன பெரிய மாடிகள் காலியாகக் கிடந்தன. 1950களிலும் 60களிலும் கையில் காசில்லாத ஓவியர்களும் சிற்பிகளும் அங்கே குடியேறினார்கள். அது சட்டப்படி வீடு அல்ல, தொழிற்கூடம். படுக்கையையும் அடுப்பையும் மறைத்துக்கொண்டுதான் பலர் இருந்தார்கள். 1971இல்தான் கலைஞர்கள் அங்கே குடியிருக்க நகரம் அனுமதி கொடுத்தது. பிறகு பணக்காரர்களுக்கு அந்த இடம் பிடித்துப்போனது, வாடகை ஏறியது, ஓவியர்கள் வெளியேறினார்கள். இன்று விளம்பரங்களில் வரும் லொஃப்ட், இல்லாமையில் பிறந்து ஆடம்பரமாக விற்கப்படும் ஒரு வீடு.

கொழும்பிலும் சுவரை இடித்துப் பேர் பெற்ற வீடு ஒன்று உண்டு. கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா 1958இல் பகத்தலை வீதிப் பக்கம், 33ஆவது ஒழுங்கையில், வரிசையாக நின்ற நாலு சின்ன வீடுகளில் ஒன்றில் குடிபுகுந்தார். பத்து ஆண்டுகளுக்குள் நாலும் அவர் கைக்கு வந்தன. இடையிலிருந்த சுவர்களைத் திறந்து, சின்னச் சின்ன முற்றங்களால் வெளிச்சம் இறக்கி, அதை ஒரே வீடாக்கினார். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழற்றி வந்த தூண்களும் அங்கே நிற்கின்றன. அழகான வீடுதான். ஆனால் நாலு வீட்டை ஒன்றாக்க முடிந்தவருக்குச் சுவர் என்பது ஒரு தெரிவு. அதே நகரத்தின் வடக்கே, கொட்டாஞ்சேனையில், நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே ஒரு வீடு பல வீடுகளாக உடைந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொட்டாஞ்சேனையும் முகத்துவாரமும் வசதியானவர்களின் பகுதிகள். கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதாங்கி 1875இல் தொடங்கி 1885இல் முடிந்தது. துறைமுகம் பெருத்தது, வேலையாட்கள் வந்து குவிந்தார்கள், வசதியானவர்கள் கறுவாத்தோட்டப் பக்கம் நகர்ந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வளவுகளுக்குள் வரிசை அறைகள் எழுந்தன. பத்துப் பதினைந்து குடும்பத்துக்கு ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு வரிசைக் கழிப்பறை. இவற்றுக்குத்தான் 'தோட்டம்' என்று பெயர். பெயரில் மட்டும்தான் பச்சை.

தோட்டத்து வீடு பெரும்பாலும் ஒரே அறை. அங்கே தளபாடம் அலங்காரம் இல்லை, சுவர். தோழி விளக்கியபடி அதன் கணக்கு இதுதான். அலுமாரியைக் குறுக்கே நிறுத்தினால் முன்பக்கம் ஹோல், பின்பக்கம் அறை. அலுமாரியின் முதுகில் பழைய கலண்டர் ஒட்டினால் அது விருந்தினர் பார்க்கும் சுவர். இரண்டு கதவையும் விரியத் திறந்தால் நடுவில் ஒரு ஆள் நின்று உடுப்பு மாற்றலாம். கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினால் அடியில் ட்ரங்குப் பெட்டிகள் போகும். தையல் மெஷினின் மூடி பகலில் தையல் மேசை, பின்னேரம் படிக்கிற மேசை. பாய் காலையில் சுருண்டு மூலைக்குப் போகும். மிச்சத்தைக் கயிற்றில் தொங்கும் பழைய சேலை பார்த்துக்கொள்ளும்.

எங்கள் வாயில் இருக்கிற சொற்களே இந்தப் பொருட்களின் பயணத்தைச் சொல்கின்றன. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு எல்லாம் போர்த்துக்கீசர் விட்டுப்போனவை, லாச்சி ஒல்லாந்தருடையது. பாயும் பெட்டகமும் நம்முடையவை. சாமான்களையும் பெயர்களையும் கடல்வழியாக வாங்கி, மொரட்டுவைத் தச்சர்களிடம் நம் அளவுக்குச் செய்வித்துக்கொண்டோம்.

இந்தக் கதையில் 1983 யூலையைத் தாண்டிப் போக முடியாது. வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளுக்குள் புகுந்த கும்பல்கள், சாமான்களை றோட்டில் இழுத்துப் போட்டுக் கொளுத்தின. அந்த நாட்களைப் பற்றிய நினைவுகளில் எரிகிற கதிரையும் அலுமாரியும் திரும்பத் திரும்ப வரும். உயிர் தப்பியவர்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் இரத்மலானை விமான நிலையக் கொட்டகையிலும் அடைக்கலமானார்கள். விமானம் நிறுத்துகிற இடத்தைவிடப் பெரிய 'ஓப்பன் ஹோல்' எது? அங்கே விரித்த பாயின் அளவுதான் ஒரு குடும்பத்தின் வீடு.

பிறகும் மக்கள் வந்தார்கள். யுத்தம் வடக்கிலிருந்து ஆட்களைத் தள்ளத் தள்ள, வெள்ளவத்தையில் தனி வீடுகள் இடிந்து தொடர்மாடிகள் எழுந்தன. ஒரு மாடியின் ஒரு பகுதியைத் தனி உறுதியோடு வாங்க 1973ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே வழி செய்திருந்தது. இந்தக் கட்டடங்களில் பாரத்தைத் தாங்குவது கொங்கிறீற் தூண். உட்சுவரை நினைத்த இடத்தில் எழுப்பலாம். வசதியான ஊர்களில் அந்தச் சுதந்திரத்தை வைத்து அறைகளைத் திறந்துவிட்டார்கள். நாங்கள் ஹோலுக்குள் தட்டி அடித்து இன்னோர் அறை எடுத்தோம். வெளிநாடு போகக் காத்திருக்கிற தம்பிக்கு, வைத்தியத்துக்கு வந்த பெரியம்மாவுக்கு, ஏ/எல் படிக்கிற பிள்ளைக்கு. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் முற்றமும் விறாந்தையும் செய்த வேலையை இங்கே ஒரு ஹோல் நேரம் பிரித்துச் செய்தது: காலையில் சாமி, பகலில் ரியூசன், இரவில் படுக்கை.

அதுவும் கிடைக்காதவர்கள் லொட்ஜில் இருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு சூட்கேஸ். 2007 யூன் 7 அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பொலிசார் பஸ்ஸில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். கொழும்பில் இருக்கச் சரியான காரணம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான மையம் வழக்குப் போட, அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு போட்டது. அலுமாரி வாங்குகிற அளவுக்கு ஓர் ஊரில் நிலைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது இந்த இடத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. அலுமாரியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. அதை வாங்குகிறவர், 'நான் இங்கேதான் இருக்கப்போகிறேன்' என்று நம்புகிறார்.

திறந்த வீடு கூடாது என்று நாங்கள் சொல்லவரவில்லை. காற்றும் வெளிச்சமும் யாருக்குப் பிடிக்காது? குசினியைச் சுவருக்குள் அடைத்து, சமைக்கிறவரைப் பேச்சிலிருந்து தள்ளிவைத்த பழைய திட்டத்தைவிட, ஹோலோடு சேர்ந்த குசினி எவ்வளவோ நல்லது. ஆனால் ஒரு சுவரை எடுக்க முதல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த மறைப்பு யாருக்குத் தேவைப்படுகிறது? பெரும்பாலும் அந்த வீட்டில் முடிவெடுக்கிறவருக்கு அல்ல. உடுப்பு மாற்ற இடம் தேடுகிற பெண்ணுக்கு, சத்தத்துக்குள் படிக்கிற பிள்ளைக்கு, பகலில் கொஞ்சம் சரிய விரும்புகிற பாட்டிக்கு.

கடைசியில் அலுமாரி குறுக்கேதான் நிற்கிறது. முதுகில் கலண்டருக்குப் பதிலாக நாங்கள் போட்ட கூட்டங்களின் நோட்டீஸ்களை ஒட்டியிருக்கிறோம். பின்னால் ஒரு பாய், ஒரு மேசைவிளக்கு, ஒரு கண்ணாடி. போன கிழமை கூட்டம் முடியப் பத்தரை தாண்டிவிட்டது. தோழி வீட்டுக்குப் போகவில்லை. "நான் பின்னால படுக்கிறன், நீங்கள் கதையுங்கோ" என்று சொல்லிவிட்டு அலுமாரியைச் சுற்றிப் போனாள். ஏன் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை. நாங்கள் குரலை மட்டும் கொஞ்சம் தணித்துக்கொண்டோம்.